சொந்த சர்வர், சொந்த ரிப்பேர், சொந்த மரவேலை: உண்மையிலேயே பணம் மிச்சமாகுதா?



போன ஆடி மாசம் என் சித்தி பையன் வாட்ஸ்அப்பில் ஒரு எக்செல் ஷீட் அனுப்பினான். ஓஎம்ஆரில் ஐடி வேலை, 27 வயசு, பிடித்தம் போக கையில் வர்ற சம்பளம் 62,000 ரூபாய். "அக்கா, இதை ஒரு தடவை ஆடிட் பண்ணிடுங்க"ன்னு ஒரு வரி எழுதியிருந்தான். ஷீட்டின் தலைப்பு 'ஐந்து வருட சேமிப்பு'.

உள்ளே மூணே மூணு வரிகள். முதல் வரி: கூகுளில் 2 டிபி திட்டம் வாங்காமல் வீட்டிலேயே சொந்த சர்வர் வைப்பதால் மிச்சம் 14,500 ரூபாய். ரெண்டாவது: குழாய், ஃபேன், சுவிட்ச் ரிப்பேரைத் தானே பார்ப்பதால் வருஷத்துக்கு 6,000 வீதம் 30,000. மூணாவது: மேஜை, ஷூ ரேக், புத்தக ஷெல்ஃப் மூணையும் தானே செய்வதால் 23,000. மொத்தம் 67,500. அந்த மொத்தத்துக்குப் பச்சை கலர் வேற அடிச்சிருந்தான்.

நானும் இந்த மூணையும் செய்யுற ஆள்தான். எங்க வீட்டில் டிரில் மெஷின் என்னோடது. எலக்ட்ரீஷியன் வந்தால் நான் கேட்கிற கேள்விக்கு என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். பாவம், இவருக்கு ஸ்டார் ஸ்க்ரூவுக்கும் ஃப்ளாட் ஸ்க்ரூவுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால 'இதெல்லாம் வேண்டாத வேலை'ன்னு சொல்ல நான் இங்கே வரலை. அந்த ஷீட்டுக்கு அவன் வெச்ச தலைப்பு தப்பு. எங்க தொழிலில் ஒரு செலவைத் தப்பான தலைப்பில் எழுதினா, அதுக்கப்புறம் வர்ற எல்லா முடிவும் தப்பாத்தான் போகும். எனக்கு அப்படிப் போனது என்னன்னு கொஞ்சம் கீழே சொல்றேன். முதலில் கணக்கு.

24 மணி நேரமும் ஓடுற பெட்டி

தெரியாதவங்களுக்கு ஒரு வரியில்: நம்ம போட்டோ, வீடியோ, ஃபைல் எல்லாத்தையும் கூகுள், ஆப்பிள் மாதிரி கம்பெனிகளின் கம்ப்யூட்டரில் வைக்காம, நம்ம வீட்டு மூலையில் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கிற ஒரு கம்ப்யூட்டரில் வைக்கிறதுதான் இந்த சொந்த சர்வர். போட்டோவுக்கு இம்மிச், ஃபைலுக்கு நெக்ஸ்ட்கிளவுட், சினிமாவுக்கு ஜெல்லிஃபின்னு இலவச மென்பொருள் எல்லாம் இருக்கு. 2021 ஜூன் 1-ஆம் தேதி கூகுள் போட்டோஸ் தன்னோட அளவில்லாத இலவச சேமிப்பை நிறுத்திட்டு, 15 ஜிபிக்கு மேல காசுன்னு சொன்னதுக்கு அப்புறம் நம்ம பசங்க நிறைய பேர் இந்தப் பக்கம் திரும்பினாங்க.

தம்பியோட கணக்கு இதுதான்: 2 டிபி திட்டம் வருஷத்துக்கு 6,500 ரூபாய், அஞ்சு வருஷத்துக்கு 32,500. பழைய டெஸ்க்டாப் வீட்டில் சும்மா கிடக்கு, அதுக்கு செலவு இல்லை. 4 டிபி டிஸ்க் ரெண்டு, தலா 9,000. ஆக 18,000 போக 14,500 மிச்சம்.

நான் கேட்ட முதல் கேள்வி: "கரண்ட் பில் எங்கடா?"

அது சும்மா நிக்கும்போதே 60 வாட் எடுக்குற பழைய பெட்டி. 60 வாட், 24 மணி நேரம், 60 நாள்: 86 யூனிட். ஈபி பில் நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. அவன் வீட்டில் ஏசி இருக்கு, ரெண்டு மாசத்துக்கு 440 யூனிட் வாக்கில் வரும். இங்கதான் நம்ம ஊர் மின்கட்டணத்தில் ஒரு படிக்கட்டு இருக்கு. 2022 செப்டம்பரில் வந்த வீட்டு உபயோகக் கட்டண அட்டவணையை எடுத்துக்குங்க. 500 யூனிட் வரைக்கும் பயன்படுத்தினா முதல் 100 இலவசம், 200 வரை யூனிட்டுக்கு 2.25, 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டின உடனே மேல இருக்கிற யூனிட்டுக்கு 8 ரூபாய்னு மட்டும் நினைக்காதீங்க. கீழே 101-லிருந்து 200 வரை 2.25-ஆ இருந்ததும் 4.50 ஆயிடும். அதாவது 501-ஆவது யூனிட்டின் விலை 8 ரூபாய் கிடையாது, 233 ரூபாய்.

அந்த அட்டவணைப்படி 440 யூனிட்டுக்கு பில் 1,365. சர்வரோட 86 சேர்த்து 526 யூனிட்டுக்கு 2,158. வித்தியாசம் 793 ரூபாய். வருஷத்துக்கு 4,758. அஞ்சு வருஷத்துக்கு 23,790. கட்டணம் அதுக்கப்புறம் கூடியிருக்கு, உங்க கடைசி பில்லை எடுத்து வெச்சுப் போட்டுப் பாருங்க. வாடகை வீட்டில் ஓனர் சப்-மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு மொத்தமா வாங்குறார்னா இன்னும் சுலபம், நேரா பெருக்கிக்கலாம்.

அடுத்து, கரண்ட் போனா பெட்டி பட்டுன்னு அணைஞ்சு டிஸ்க் கெடாம இருக்க ஒரு சின்ன யுபிஎஸ், 3,500. அதோட பேட்டரியை நடுவில் ஒரு தடவை மாத்தணும், 1,200. அதோட பேக்கப்புக்கு இன்னொரு டிஸ்க், 9,000. "ரெண்டு டிஸ்க் இருக்கேக்கா, ரெய்டு போட்டிருக்கேன், ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்"னான். ரெய்டு பேக்கப் ஆகாது தம்பி. தெரியாம ஒரு ஃபோல்டரை அழிச்சா ரெண்டு டிஸ்கிலும் ஒரே நொடியில் அழியும். பெட்டியைத் திருடன் தூக்கினா ரெண்டும் சேர்ந்துதான் போகும்.

ஆக மொத்தம் 55,490. 32,500 ரூபாய் சேவைக்குப் பதிலா. சேமிப்பு 14,500 இல்லை, கூடுதல் செலவு 22,990. வருமான வரிச் சட்டமே கம்ப்யூட்டருக்கு வருஷம் 40 சதவீதம் தேய்மானம் கொடுக்குது. எவ்வளவு சீக்கிரம் மதிப்பிழக்குற பொருள்னு அரசாங்கத்துக்கே தெரியும். அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் அந்த டிஸ்க்குகள் எந்த நிலைமையில் இருக்கும்னு ஷீட்டில் ஒரு கட்டமும் இல்லை.

கடைசியா இன்னொரு கேள்வி கேட்டேன். "உன்கிட்ட மொத்தம் எவ்வளவு போட்டோ இருக்கு?" கொஞ்ச நேரம் பதில் இல்லை. "160 ஜிபி இருக்கும்க்கா." 160 ஜிபிக்கு 2 டிபி திட்டம் எதுக்கு? 200 ஜிபி திட்டம் வருஷத்துக்கு 2,100, அஞ்சு வருஷத்துக்கு 10,500. ஒப்பீட்டையே தனக்குச் சாதகமா எடுத்திருக்கான். வேணும்னே செய்யலை. சர்வர் வைக்கணும்னு மனசு முதலில் முடிவு பண்ணிடுச்சு, காரணம் தேடும் வேலையை எக்செல்கிட்ட கொடுத்துட்டான். கார் வாங்கும்போது நாம எல்லாரும் பண்றதுதான்.

நியாயமா சொல்லணும்னா, 10 வாட்டில் ஓடுற சின்ன கம்ப்யூட்டர் வெச்சா கரண்ட் கணக்கு ரெண்டு மாசத்துக்கு 14 யூனிட்டா சுருங்கிடும். 5 டிபி, 6 டிபின்னு வீடியோ எடுத்து வெச்சிருக்கிற கல்யாண போட்டோகிராபருக்குக் கணக்கு வேற மாதிரி வரும். என் குடும்ப போட்டோவை யாரோ ஒரு கம்பெனி அலசுறது பிடிக்கலைன்னு சொன்னா, அது முழுக்க நியாயமான காரணம், அதுக்கு நான் விலை போட மாட்டேன். லினக்ஸ், டாக்கர், நெட்வொர்க் எல்லாம் வீட்டில் கைப்பட உடைச்சு உடைச்சுக் கத்துக்கிட்டு, அதைச் சொல்லி அடுத்த வேலைக்குப் போனவங்களையும் எனக்குத் தெரியும். அப்போ அது படிப்புச் செலவு. சேமிப்புங்கிற வார்த்தையை மட்டும் அங்கே எழுதாதீங்க.

ஒரு பழைய பேச்சை வாபஸ் வாங்குறேன்

நம்ம சேனலில் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வீடியோவில் நான் சொன்னது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். உங்க மாச சம்பளத்தை வேலை நேரத்தால வகுங்க, ஒரு மணி நேரத்துக்கு 340 ரூபாய் வருதா, அப்போ ரெண்டு மணி நேரம் குழாயோட மல்லுக்கட்டுறது 680 ரூபாய் நஷ்டம், பிளம்பரைக் கூப்பிடுங்கன்னு. அந்த வீடியோ நல்லாவே ஓடுச்சு. ஆனா கணக்கு தப்பு.

சம்பளக்காரருக்கு ஞாயித்துக்கிழமை காலை 11 மணிக்கு யாரும் 340 ரூபாய் தர்றதில்லை. ஃப்ரீலான்ஸ் பண்றவர், டியூஷன் எடுக்கிறவர், அந்த மணி நேரத்தை நிஜமா வித்துட முடியுறவர், அவங்களுக்கு மட்டும்தான் அந்தப் பெருக்கல் பொருந்தும். மத்தவங்க அந்த ரெண்டு மணி நேரத்தில் ரீல்ஸ் பார்த்திருப்போம். நம்ம நேரத்துக்கு விலை இருக்கு, ஆனா அந்த விலை வேற இடத்தில் வசூலாகுது: தூக்கம், முட்டி வலி, "இன்னைக்கும் பீச்சுக்குப் போகலையா"ன்னு கேட்குற குழந்தை. அதை மணிக்கு இவ்வளவுன்னு எழுத எனக்குத் தெரியலை. தெரிஞ்ச மாதிரி வீடியோவில் பேசினதுக்கு மன்னிச்சுக்கோங்க.

ரிப்பேர்: மூணில் இது ஒண்ணுதான் காசு

வீட்டு ரிப்பேர் கத்துக்கறது உண்மையிலேயே பணம். ஆனா தம்பி போட்ட மாதிரி வருஷத்துக்கு 6,000 எல்லாம் வராது. நான் ஒரு வருஷம் நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தேன். எங்க வீட்டில் 2,600 ரூபாய் வந்தது.

பெரிய காசு வேற இடத்தில் இருக்கு. எங்க ஹால் ஃபேன் ஒரு தடவை அஞ்சில் வெச்சாலும் ஒண்ணில் ஓடுற மாதிரி சுத்திச்சு. பார்க்க வந்தவர் காயில் போயிடுச்சு, கழட்டி எடுத்துட்டுப் போகணும், 1,200 ஆகும்னார். சாதாரண சீலிங் ஃபேன் மெதுவா சுத்தினா முதலில் சந்தேகப்பட வேண்டியது கெபாசிட்டரை. 2.5 மைக்ரோஃபாரட், ஹார்டுவேர் கடையில் அப்போ 70 ரூபாய். மெயினை அணைச்சு, ஸ்டூல் போட்டு ஏறி, மேல இருக்கிற கப்பை இறக்கி, நானே மாத்தினேன். 20 நிமிஷம். இப்போ வர்ற பிஎல்டிசி ஃபேனுக்கு இது பொருந்தாது, அதில் சர்க்யூட் போர்டு இருக்கும். எனக்கு அன்னைக்கு மிச்சமானது கூலியைவிட ஏமாறாம தப்பிச்ச காசுதான். எது சின்ன கோளாறு, எது பெரிய கோளாறுன்னு தெரிஞ்சவங்ககிட்ட யாரும் வாய்க்கு வந்த தொகையைச் சொல்ல மாட்டாங்க.

ஒரு டெஸ்டர், மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர் செட், அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், டெஃப்லான் டேப். 2,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுடும். குழாய் வாஷர், ஃப்ளஷ் டேங்க் வால்வு, சிங்க் அடைப்பு, கதவு கீல், ஃபேன் கெபாசிட்டர், இதெல்லாம் நீங்க பண்ணுங்க. மீட்டர் போர்டு, கீசர், கேஸ் லைன், இன்வர்ட்டர், மைக்ரோவேவ், இதில் கை வைக்காதீங்க. மைக்ரோவேவ் உள்ளே இருக்கிற கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஆளைக் கொல்லும். 400 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் டேர்ம் இன்சூரன்ஸ் க்ளெய்ம் வரைக்கும் போக வேண்டாம். போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கான்னு மட்டும் இன்னைக்கே போய்ப் பாருங்க. நம்ம ஊரில் நிறைய பேர் அதை இன்னும் ஈஎல்சிபின்னுதான் சொல்றாங்க. அதிலேயே ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும், அமுக்கினா கரண்ட் கட் ஆகணும். ஆகலைன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாத்துங்க. அந்தச் செலவில் மட்டும் பேரம் பேசாதீங்க.

வாடகை வீட்டில் இருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். தமிழ்நாட்டில் 2017-இல் போட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தின் பின்னாடி ஒரு அட்டவணை இருக்கு. உடன்படிக்கையில் வேற மாதிரி எழுதாத வரைக்கும், குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கதவுப் பூட்டு மாதிரி சில்லறை வேலையெல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. சுவர், பெயிண்ட், பைப் மாத்துறது, வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. தம்பி போன வருஷம் பாத்ரூம் பைப்பையே சொந்தக் காசில் 3,800 போட்டு மாத்தியிருக்கான். அதை 'சேமிப்பு' வரியில் வேற எழுதி வெச்சிருக்கான்! அது ஓனருக்கு அவன் கொடுத்த அன்பளிப்பு.

மரவேலை பற்றி கொஞ்சம்

இதில் கணக்கே வேண்டாம்னு நினைக்கிறேன். கடையில் 14,000 ரூபாய்னு சொன்ன டிவி ஷெல்ஃபுக்காக நான் டிரில், ஜிக்சா, சாண்டர், கிளாம்ப், உளி எல்லாம் வாங்கி, எம்டிஎஃப் பலகையும் ஃபெவிகாலும் வாங்கி, 26,000 செலவு பண்ணினேன். 'டூல்ஸ் அடுத்த வேலைக்கும் ஆகும்'னு எல்லாரும் சொல்றதுதான், நானும் சொன்னேன். அடுத்த வேலைக்கு இன்னொரு டூல் தேவைப்பட்டது. இந்த உலகம் அப்படித்தான். தம்பியோட மூணாவது வரியில் 21,000 ரூபாய் டூல்ஸே இல்லை. சேர்த்தா 23,000 மிச்சம் 2,000 ஆயிடும். அதுவும் முதல் மேஜை ஆடாம நிக்கணும்.

ஆனா சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒரு பலகையைத் தேய்க்கும்போது வாரம் பூரா மண்டையில் ஓடின ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் இறங்கிப் போறது எனக்குத்தான் தெரியும். இன்னொருத்தர் டர்ஃபுக்கும் ட்ரெக்கிங்குக்கும் செலவு பண்றார், நான் இதுக்குப் பண்றேன். பொழுதுபோக்குன்னு எழுதினா போதும், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ரெண்டே கட்டுப்பாடு: ஆறு மாச செலவுக்கான அவசர நிதி சேர்ந்த பிறகுதான் டூல் வாங்குறது. வாங்கினாலும் கையில் வர்ற சம்பளத்தில் மாசம் 4 சதவீதத்துக்கு மேல போறதில்லை. 62,000-க்கு 2,480 ரூபாய். நோ காஸ்ட் ஈஎம்ஐ வேண்டாம். அதில் வட்டியைத் தள்ளுபடியா கழிச்சாலும், அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி உங்க கார்டில் ஏறும். பல பேங்க் ப்ராசஸிங் ஃபீஸும் வாங்குது.

செஞ்சதை விக்க ஆரம்பிச்சீங்கன்னா அது வியாபார வருமானம், ஐடிஆர்-1 போட முடியாது, பழைய வரி முறைக்கும் புதிய முறைக்கும் வருஷா வருஷம் மாறிக்கிற சலுகையும் போயிடும். ரெண்டு ஷூ ரேக் வித்த காசுக்காக அந்தத் தலைவலி தேவையான்னு யோசிச்சுக்கோங்க.

என் ஷெல்ஃபும் என் சர்வரும்

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். நாங்க அப்போ பள்ளிக்கரணை பக்கம் தரைத்தளத்தில் குடியிருந்தோம். நான் செஞ்ச அந்த எம்டிஎஃப் ஷெல்ஃபின் கீழ்த்தட்டில் நான் வெச்ச சர்வர். ரெண்டு டிஸ்க், ரெய்டு. ஷெல்ஃப் செய்யும்போது பலகை வெட்டிக் கொடுத்த ஆசாரி ஒரு வார்த்தை சொன்னார்: "கீழ்த்தட்டுக்கு மட்டும் 710 ப்ளை போட்டுக்கம்மா. எம்டிஎஃப் தண்ணி பட்டா ஊறிடும்." 1,500 ரூபாய் கூடுதல் ஆகும்னு நான் வேண்டாம்னுட்டேன்.

4-ஆம் தேதி தண்ணி வீட்டுக்குள்ள வந்தப்போ கரண்ட் ஏற்கனவே இல்லை. சர்டிபிகேட், நகை, ஆபீஸ் லேப்டாப், குழந்தையோட துணி, எல்லாம் எடுத்துக்கிட்டு முதல் மாடி வீட்டுக்குப் போனோம். க்ளையன்ட் ஃபைல் எல்லாம் பத்திரமான்னு ரெண்டு தடவை பார்த்தேன். கீழ்த்தட்டு பெட்டி என் ஞாபகத்துக்கே வரலை. மறுநாள் இறங்கி வந்து பார்த்தா எம்டிஎஃப் டீயில் முக்கின பிஸ்கட் மாதிரி ஊதி உடைஞ்சு, பெட்டி சேத்துத் தண்ணியில் குப்புறக் கிடந்தது.

அதுக்கப்புறம் நான் பண்ணதுதான் பெரிய தப்பு. தண்ணியில் நனைஞ்ச ஹார்ட் டிஸ்க்கை நாமளே காயவெச்சு ஆன் பண்ணக் கூடாது. நிறைய டிஸ்கில் காத்து போய் வர ஒரு சின்னத் துளை இருக்கும், அது வழியா அழுக்குத் தண்ணி உள்ளே போயிருக்கும். ஓட விட்டா உள்ளே தட்டு கீறிடும். இது எனக்குத் தெரியாது. 'எல்லாம் நமக்குத் தெரியும்'ங்கிற திமிரில் ஹேர் டிரையர் வெச்சுக் காயவெச்சு ரெண்டையும் ஆன் பண்ணினேன். டிக், டிக், டிக்னு சத்தம். டேட்டா எடுத்துத் தர்ற கடை ஒண்ணுக்குக் கொண்டு போனேன். சோதிச்சுப் பார்க்க 5,000 கட்டினேன். ஆன் பண்ணாம கொண்டு வந்திருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம், இப்ப முடியாதுன்னுட்டாங்க.

பொண்ணோட போட்டோக்கள் போகலை. காரணம் என் வீட்டுக்காரர். சர்வர் வெச்ச நாளிலிருந்து அவரோட கூகுள் சந்தாவை நிறுத்தச் சொல்லி நான் நச்சரிச்சுக்கிட்டே இருந்தேன். 100 ஜிபி, மாசம் 130 ரூபாய். வீட்டு பட்ஜெட்டில் 'தண்டச் செலவு'ன்னு நானே சிவப்பில் குறிச்சு வெச்சிருந்தேன். "நிறுத்திட்டேன்"னு சொன்னார். நிறுத்தலை. அவர் போனில் எடுத்ததும் நான் அவருக்கு அனுப்பினதும் எல்லாம் அதில் இருந்தது.

போனது எங்க அப்பாவோட குரல். அப்பா 2021-இல் தவறிட்டார். அவர் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பின 41 வாய்ஸ் மெசேஜ்களை என் பழைய போனிலிருந்து எடுத்து சர்வரில் தனி ஃபோல்டர் போட்டு வெச்சிருந்தேன். 'கூகுளை நம்ப முடியாது, வீட்டில் இருந்தாத்தான் பத்திரம்'னு நினைச்சு அங்கே மட்டும் வெச்சேன். போனை ரீசெட் பண்ணி எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாச்சு. அந்த போனுக்கு 4,500 ரூபாய் கிடைச்சதுன்னு சந்தோஷப்பட்டது இன்னும் ஞாபகம் இருக்கு.

பல கம்பெனிகளின் சொத்துப் பட்டியலில் நான் ஒரு விஷயம் பார்த்திருக்கேன். முழுசா தேய்மானம் போட்டு முடிச்ச பொருளை ஒரு ரூபாய் மதிப்பில் நிறுத்தி வெச்சிருப்பாங்க, பொருள் இன்னும் இருக்குன்னு காட்டுறதுக்காக. அப்பா குரலை நான் எந்தப் பட்டியலிலும் எழுதவே இல்லை. எழுதியிருந்தா 'இது எங்கே இருக்கு, எத்தனை பிரதி இருக்கு'ன்னு ஒரு ஆடிட்டராவது கேட்டிருப்பாங்க. சேமிப்புன்னு தலைப்பு வெச்சதால நான் முழுக்க முழுக்க எவ்வளவு மிச்சம்னு மட்டும் பார்த்தேன். 130 ரூபாயை மிச்சம் பிடிக்கிறதுதான் ஜெயிக்கிறதுன்னு ஆயிடுச்சு. பொழுதுபோக்குன்னு எழுதியிருந்தா, விளையாட்டுப் பெட்டியில் அந்த 41 மெசேஜையும் வெச்சிருக்க மாட்டேன்.

இப்ப எங்க வீட்டில் சர்வர் திரும்பவும் இருக்கு. ஆமா, விட முடியலை! ரெண்டாவது மாடியில், சின்ன பெட்டி, 12 வாட். ஆனா போட்டோ மூணு இடத்தில் இருக்கும்: அது ஒண்ணு, கூகுள் ஒண்ணு, ஒரு டிஸ்க் மாமியார் வீட்டு பீரோவில். கூகுள் சந்தா 'காப்பீடு' தலைப்பில் ஹெல்த் இன்சூரன்ஸுக்குக் கீழே இருக்கு. இன்னொரு விஷயமும் பண்ணினேன். எனக்கு ஏதாவது ஆனா என் வீட்டுக்காரரால் அந்த சர்வருக்குள்ள நுழையவே முடியாது. பேங்க் அக்கவுண்டுக்கு நாமினி போடச் சொல்லி உங்களை எல்லாம் வருஷம் பூரா திட்டுறேன், என் பெட்டிக்கு நாமினி இல்லை. பாஸ்வேர்டையும், எப்படித் திறக்கிறதுங்கிறதையும் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோட வெச்சிருக்கேன். கூகுளில் இதுக்கு வசதி இருக்கு: இவ்வளவு மாசம் நான் உள்ளே வரலைன்னா இன்னாருக்குக் கொடுங்கன்னு முன்னாடியே சொல்லி வெச்சுடலாம். அஞ்சு நிமிஷ வேலை, செட்டிங்ஸில் தேடிப் பாருங்க.

41-இல் ஒண்ணு கிடைச்சது. அப்பா எனக்கு அனுப்பினதை நான் எப்பவோ சித்திக்கு ஃபார்வர்ட் பண்ணியிருக்கேன். சித்தி போனில் எதையும் அழிக்க மாட்டாங்க. 9 செகண்ட். "பஸ் ஏறிட்டியாம்மா? ஏறினதும் ஒரு போன் போடு." அவ்வளவுதான்.

தம்பி எல்லாத்தையும் கேட்டுட்டு ஷீட்டைத் திருத்தி அனுப்பினான். தலைப்பு 'பொழுதுபோக்கு, மாதம் 2,480'. சர்வரை டெஸ்க்டாப்பிலிருந்து சின்ன பெட்டிக்கு மாத்திட்டான், 200 ஜிபி திட்டமும் எடுத்துட்டான். ரெண்டாவது பேக்கப் டிஸ்க் கும்பகோணத்தில் சித்தி வீட்டில் இருக்கும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகும்போது புது டிஸ்க்கைக் கொடுத்துட்டு பழையதை வாங்கிட்டு வரணும்னு ஏற்பாடு. பொங்கலுக்கு ஊருக்குப் போய்ச் சேர்ந்துட்டு போன் பண்ணினான். "அக்கா, டிஸ்க்கை சென்னையில டேபிள் மேலேயே வெச்சுட்டு வந்துட்டேன்."